எஸ்எம்பிஎஸ் புகைந்த பிறகு பிராசஸர் பிழைத்திருக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் பவர் தரும் பெட்டி) வெடித்துப் புதிது மாட்டியும் டிஸ்ப்ளே வராமல் நிற்பவர்களுக்கும், "பிராசஸர் போயிடுச்சு, மாத்தணும்" என்று கடையில் கேட்டுவிட்டுக் குழம்பியிருப்பவர்களுக்கும் இந்தக் கேள்வி பதில். எல்லாமே மேசைக் கம்ப்யூட்டரை வைத்துச் சொன்னவை. லேப்டாப்பில் பவர் வரும் வழியே வேறு, அதை இங்கே சேர்க்கவில்லை. சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு ஸ்க்ரூடிரைவர், கம்ப்யூட்டர் கடையில் கிடைக்கும் சின்ன பீப் ஸ்பீக்கர், இந்த மூன்றும் இருந்தால் பெரும்பாலான சோதனைகளை வீட்டிலேயே செய்துவிடலாம்.

எஸ்எம்பிஎஸ் வெடித்தது, புதிது மாட்டினேன். ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, டிஸ்ப்ளே மட்டும் இல்லை. பிராசஸர் போய்விட்டதா?

அவசரப்பட்டு அந்த முடிவுக்கு வராதீர்கள். எஸ்எம்பிஎஸ் போகும்போது கூடவே போவது பெரும்பாலும் மதர்போர்டுதான். அடுத்து ஹார்டு டிஸ்க், எஸ்எஸ்டி, கிராஃபிக்ஸ் கார்டு. பிராசஸர் மட்டும் தனியாகச் சாவது அபூர்வம். செத்தால் பெரும்பாலும் போர்டு கெட்டு, அது பிராசஸரையும் சேர்த்துக் கொன்றிருக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அப்படிப்பட்ட போர்டில் புது பிராசஸர் வாங்கி வைத்தால் அதுவும் அதே வழியில் போய்விடும்.

ஃபேன் சுற்றுவதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஃபேனுக்கு வேண்டியது 12 வோல்ட் மட்டும். பிராசஸர் செத்திருந்தாலும் அது சுற்றும்.

புது எஸ்எம்பிஎஸ் மாட்டிய கையோடு வரும் சில சின்னத் தவறுகளை முதலில் கழித்துவிடுங்கள். பிராசஸர் உட்காரும் சாக்கெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் 4 அல்லது 8 பின் பவர் கனெக்டர் மாட்டியிருக்கிறதா, கிளிப் 'டக்' என்று உட்காரும் வரை அழுத்தியிருக்கிறீர்களா? அது இல்லாமலும் ஃபேன் சுற்றும், டிஸ்ப்ளே வராது. கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு மானிட்டரை போர்டில் மாட்டிப் பார்க்கிறீர்கள் என்றால், உங்கள் பிராசஸரில் கிராஃபிக்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இன்டெலில் பெயரின் கடைசியில் 'எஃப்' இருந்தால் கிடையாது. ஏஎம்டி ரைசனில் 7000 வரிசைக்கு முந்தைய மேசைக் கம்ப்யூட்டர் சிப்புகளில் 'ஜி' இல்லாதவற்றுக்குக் கிடையாது. கேஸைத் திறந்து கையை விட்டதில் ராம் லேசாக எழும்பியிருக்கலாம், அதையும் ஒரு தடவை கழற்றி மாட்டுங்கள்.

எஸ்எம்பிஎஸ் கெட்டால் அந்தக் கேடு பிராசஸர் வரை எப்படிப் போகிறது?

எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் எந்த ஒயரும் பிராசஸரை நேராகத் தொடுவதில்லை. சாக்கெட் பக்கத்துக் கனெக்டர் வழியாக 12 வோல்ட் போர்டுக்கு வருகிறது. பிராசஸருக்கு வேண்டியதோ 1 வோல்ட்டை ஒட்டித்தான். வேகம் எடுக்கும்போது 1.3, 1.4 வரை போகும். 12-ஐ இந்த அளவுக்கு இறக்கித் தருவது விஆர்எம் என்கிற பகுதி. சாக்கெட்டைச் சுற்றிப் பாருங்கள்: ஹீட்சிங்க் அடியில் சின்னச் சின்ன கறுப்பு மாஸ்ஃபெட்டுகள் (கரண்டைத் திறந்து மூடும் சுவிட்சுகள்), அவற்றை ஒட்டிச் சாம்பல் நிறக் கட்டிகளாக சோக்குகள் (கம்பிச் சுருள்கள்), உருளையாக கெப்பாசிட்டர்கள். அதுதான்.

விஆர்எம் பல ஃபேஸ்களாக, அதாவது ஒரே மாதிரியான சின்னப் பகுதிகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு ஃபேஸிலும் மேல் மாஸ்ஃபெட் ஒன்று, கீழ் மாஸ்ஃபெட் ஒன்று. மேலே உள்ளது 12 வோல்ட்டை சோக்குக்குத் திறந்துவிடும். கீழே உள்ளது சோக்கை கிரவுண்டோடு சேர்க்கும். நொடிக்கு லட்சக்கணக்கான தடவை இரண்டும் மாறி மாறித் திறந்து மூடும். மேலே உள்ளது எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் வெளியே வரும் வோல்டேஜ் அமைகிறது.

எஸ்எம்பிஎஸ் சாகும் நேரத்தில் 12 வோல்ட் லைன் எகிறினாலோ, அலைந்தாலோ இந்த மாஸ்ஃபெட்டுகள்தான் முதலில் அடி வாங்கும். கீழ் மாஸ்ஃபெட் ஷார்ட் ஆனால், மேலே உள்ளது திறந்த மறுகணம் 12 வோல்ட் நேராக கிரவுண்டுக்குப் போகும். எஸ்எம்பிஎஸ் உடனே அணைந்துவிடும். பிராசஸர் தப்பித்துக்கொள்ள நல்ல வாய்ப்பு உண்டு. மேல் மாஸ்ஃபெட் ஷார்ட் ஆனால் கதை வேறு. 1 வோல்ட்டுக்குச் செய்த சிலிக்கான் மீது 12 வோல்ட் அப்படியே வந்து விழும். விஆர்எம்மின் கண்ட்ரோலர் இதைக் கவனித்துக் கீழ் மாஸ்ஃபெட்டுகளைத் திறந்து, 12 வோல்ட்டைக் கிரவுண்டுக்குத் திருப்பிவிடப் பார்க்கும். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸாக இருந்தால் அந்த ஷார்ட்டை உணர்ந்து அணைந்துவிடும், பிராசஸர் பிழைக்கவும் கூடும். பாதுகாப்பு சர்க்யூட்டே இல்லாத மலிவு சரக்காக இருந்தால் எதாவது ஒன்று கருகும் வரை கரண்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

இன்னொரு வழியும் இருக்கிறது, பலர் இதைக் கவனிப்பதில்லை. கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் எஸ்எம்பிஎஸ் ஊதா நிற ஒயரில் 5 வோல்ட் அனுப்பிக்கொண்டே இருக்கும். பழைய மலிவு எஸ்எம்பிஎஸ்களில் இந்தப் பகுதியில் உள்ள ஒரு சின்ன கெப்பாசிட்டர் காய்ந்துபோனால் அந்த 5 வோல்ட் மெல்ல மெல்ல ஏற ஆரம்பிக்கும். அதில் சாவது சிப்செட்டும் அதைச் சுற்றியுள்ள சின்ன ஐசிகளும். பிராசஸர் நலமாக இருக்கும், ஆனால் கம்ப்யூட்டர் எழாது. பார்ப்பவர் பிராசஸர் மேல் பழி போடுவார்.

எஸ்எம்பிஎஸ் தானாகக் கெட்டதா, வீட்டுக் கரண்ட் கெடுத்ததா? இது தெரிந்து என்ன ஆகப்போகிறது?

தெரிந்தே ஆக வேண்டும். காரணம் சுவரில் இருந்தால் புது எஸ்எம்பிஎஸ்ஸும் போகும்.

நம் ஊரில் த்ரீ பேஸ் இணைப்பு உள்ள இடங்களில் நியூட்ரல் அறுந்தால், 230 வோல்ட் வர வேண்டிய பிளக்கில் 400 வோல்ட்டை ஒட்டி வந்துவிடலாம். எஸ்எம்பிஎஸ்கள் பொதுவாக 240, அதிகம் போனால் 264 வோல்ட் வரை தாங்கும்படி செய்யப்படுகின்றன. அதே நேரத்தில் வீட்டில் டிவி, பல்பு, ஃபேன் ரெகுலேட்டர் என்று வேறு ஏதாவது போயிருந்தால், பல்புகள் சில மங்கியும் சில கண்ணைப் பறிக்கும்படியும் எரிந்திருந்தால், நியூட்ரல்தான். கம்ப்யூட்டரை விட்டுவிட்டு முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

பழைய எஸ்எம்பிஎஸ்களின் பின்பக்கத்தில் 115, 230 என்று மாற்றும் சிவப்பு சுவிட்ச் இருக்கும். யாராவது அதை 115-க்குத் தள்ளிவிட்டுப் பிளக்கைச் செருகினால் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் வெடித்துவிடும். பயங்கரமான சத்தம் வரும். ஆனால் அந்தச் சேதம் பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள்ளேயே நின்றுவிடும். உள்ளே வரும் பக்கத்தையும் போர்டுக்குப் போகும் பக்கத்தையும் டிரான்ஸ்ஃபார்மர் பிரித்து வைத்திருக்கிறது. சத்தம் பெரிதாகக் கேட்டதால் எல்லாம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். ஓசைப்படாமல் 12 வோல்ட் லைனை எகிறவிட்டுச் சாகும் எஸ்எம்பிஎஸ்தான் போர்டுக்கு அதிக ஆபத்து.

சோதனையை எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும்?

பிளக்கைப் பிடுங்குங்கள். பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து, போர்டில் மிச்சமிருக்கும் கரண்டை இறக்குங்கள். செத்த எஸ்எம்பிஎஸ்ஸின் மூடியை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் வைத்திருக்கக்கூடியது. மேலே சொன்ன பட்டன் வித்தை, செத்த எஸ்எம்பிஎஸ்ஸில் அதை இறக்கும் என்று நம்ப முடியாது.

அப்புறம் போர்டை கேபினட்டிலிருந்து வெளியே எடுத்து அட்டைப்பெட்டி மேல் வையுங்கள். பிராசஸர், அதன் கூலர், ஒரே ஒரு ராம், இவை போதும். ஹார்டு டிஸ்க், எஸ்எஸ்டி, முன்பக்க யூஎஸ்பி ஒயர்கள், கிராஃபிக்ஸ் கார்டு (பிராசஸரில் கிராஃபிக்ஸ் இருந்தால்) எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். செத்த ஹார்டு டிஸ்க் ஒன்று 12 வோல்ட்டை ஷார்ட் செய்து, முழு கம்ப்யூட்டரையும் எழவிடாமல் வைத்திருப்பது சாதாரணமாக நடப்பது.

வெளிச்சத்தில் வைத்து, மூக்கையும் கண்ணையும் பயன்படுத்துங்கள். கருகிய வாசனை எந்தப் பக்கம் வருகிறது? கெப்பாசிட்டரின் தலை தட்டையாக இருக்கிறதா, உப்பியிருக்கிறதா? மாஸ்ஃபெட்டில் குண்டூசி முனை அளவுக்கு ஓட்டையோ கொப்பளமோ தெரிகிறதா? விஆர்எம் ஹீட்சிங்கைக் கழற்றிப் பார்க்க வேண்டியிருக்கும், ஏனென்றால் ஓட்டை அதன் அடியில்தான் ஒளிந்திருக்கும்.

புது எஸ்எம்பிஎஸ் நன்றாக இருக்கிறது என்று எப்படி உறுதி செய்வது?

24 பின் கனெக்டரில் பச்சை ஒயரையும் பக்கத்துக் கறுப்பையும் ஒரு ஜெம் கிளிப்பால் சேர்த்தால் எஸ்எம்பிஎஸ் ஓடும். அதற்குமேல் அந்தச் சோதனை எதையும் சொல்லாது. சுமை இல்லாமல் எல்லா எஸ்எம்பிஎஸ்ஸும் நல்லதாகத்தான் தெரியும்.

போர்டில் மாட்டி, ஓடும்போது கனெக்டரின் பின்பக்கம் வழியாக மல்டிமீட்டர் முனையை விட்டு அளந்து பாருங்கள். மஞ்சள் 11.4-க்கும் 12.6-க்கும் நடுவில், சிவப்பு 4.75-க்கும் 5.25-க்கும் நடுவில், ஆரஞ்சு 3.14-க்கும் 3.47-க்கும் நடுவில். ஊதா, அணைந்திருக்கும்போதும் 5 வோல்ட்டை ஒட்டி. இப்போதைய கேபிள்கள் பல முழுக்கக் கறுப்பாக வருகின்றன. அப்படியானால் கம்பெனி கொடுத்த பின் படத்தைப் பார்த்துத்தான் அளக்க வேண்டும்.

சாம்பல் நிற ஒயரைத் தவறவிடாதீர்கள். எஸ்எம்பிஎஸ் "எல்லா வோல்டேஜும் சரியாக வந்துவிட்டது" என்று போர்டுக்குச் சொல்லும் சிக்னல் அது. ஆன் ஆனபின் அரை நொடிக்குள் அதில் 5 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். வரவில்லை என்றால் போர்டு பிராசஸரை ரீசெட்டிலேயே பிடித்து வைத்திருக்கும். ஃபேன் சுற்றும், வேறு எதுவும் நடக்காது. பிராசஸர் செத்ததற்கும் இதற்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

மல்டிமீட்டர் இல்லை. பிராசஸர் உயிரோடு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டா?

உண்டு, எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. போர்டில் ஸ்பீக்கர் என்று எழுதியிருக்கும் நான்கு பின்னில் சின்ன பீப் ஸ்பீக்கரை மாட்டுங்கள். ராம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். ஆன் செய்யுங்கள்.

'பீப், பீப்' என்று விடாமல் கத்துகிறதா? பிராசஸர் வேலை செய்கிறது. ராம் இல்லை என்பதைக் கண்டுபிடித்து ஸ்பீக்கரை அடிக்கச் சொல்வது பயாஸில் (போர்டின் சிப்பில் இருக்கும், கம்ப்யூட்டரை எழுப்பும் மென்பொருள்) இருக்கும் கட்டளைகள். அந்தக் கட்டளைகளைப் படித்து ஓட்டுவது பிராசஸர். செத்த பிராசஸர் இந்தப் புகாரைச் சொல்லவே முடியாது. பீப் வந்த கணத்திலேயே விஆர்எம், பயாஸ், பிராசஸர் மூன்றும் பெருமளவு நலம் என்று தெரிந்துவிடும். இனி ராமையும் கிராஃபிக்ஸ் கார்டையும் பார்த்தால் போதும்.

ஸ்பீக்கர் இல்லாவிட்டால் போர்டில் இருக்கும் சின்ன விளக்குகளைக் கவனியுங்கள். ராம் இருக்கும்போதும் எடுத்தபிறகும் வேறு வேறு விளக்கில் நிற்கிறது என்றால் அதற்கும் அதே பொருள்தான். ராம் எல்லாம் மாட்டியிருக்கும் நிலையில் கீபோர்டில் கேப்ஸ் லாக் அழுத்தி விளக்கு மாறுகிறதா என்றும் பார்க்கலாம். மாறினால் கம்ப்யூட்டர் எழுந்துவிட்டது, டிஸ்ப்ளே வழியில்தான் கோளாறு.

பீப் வரவில்லை என்றால் பிராசஸர் செத்துவிட்டது என்று திருப்பிப் படிக்கக் கூடாது. சில புது போர்டுகள் பீப் அடிப்பதே இல்லை. போர்டு கெட்டிருந்தாலும் பயாஸ் கெட்டிருந்தாலும் அதே மௌனம்தான்.

போர்டில் 'சிபியூ' என்ற சிவப்பு விளக்கு எரிகிறதே? அதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

அந்த விளக்கு, போர்டு எழும் வரிசையில் எந்தப் படியில் நின்றுவிட்டது என்பதைக் காட்டுகிறது. சிபியூ படியில் நிற்கப் பல காரணம் இருக்கலாம். 8 பின் கனெக்டர் மாட்டாதது, சாக்கெட்டில் வளைந்த பின், விஆர்எம் கோளாறு, கெட்ட பயாஸ், இவற்றுக்கெல்லாம் பிறகுதான் பிராசஸர். ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் போர்டாக இருந்தால் கொஞ்சம் பொறுமையும் வேண்டும். போர்டில் உள்ள சின்ன பட்டன் பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு முதல் தடவை ராமைப் பழக்கப்படுத்திக்கொள்ளச் சில நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருக்கும். நடுவில் அணைத்து அணைத்துப் போட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

பட்டனை அழுத்தினால் ஃபேன் ஒரு கணம் அசைந்து நின்றுவிடுகிறது. இது என்ன?

எஸ்எம்பிஎஸ் எங்கோ ஷார்ட்டைப் பார்த்து அணைகிறது. சாக்கெட் பக்கத்து 8 பின்னை மட்டும் பிடுங்கிவிட்டு, 24 பின்னோடு ஆன் செய்யுங்கள். இப்போது ஃபேன் நிற்காமல் சுற்றினால் ஷார்ட் விஆர்எம் பக்கமோ பிராசஸர் பக்கமோ இருக்கிறது. அப்போதும் அணைந்தால் போர்டின் வேறு இடத்தில் ஷார்ட்.

அடுத்த படியாகப் பிராசஸரைக் கழற்றிவிட்டு 8 பின்னை மாட்டி ஆன் செய்து பார்க்கச் சொல்வார்கள். அதைச் செய்யாதீர்கள். மேல் மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகியிருந்தால் சில வோல்ட்டுக்கு மட்டுமே செய்த கெப்பாசிட்டர்கள் மீது 12 வோல்ட் பாயும். முகத்துக்கு நேராக வெடிக்கும். இந்த இடத்தில் மல்டிமீட்டரே பாதுகாப்பான வழி.

சரி, விஆர்எம்மை மல்டிமீட்டரால் எப்படிச் சோதிப்பது?

எஸ்எம்பிஎஸ்ஸை முழுக்கக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். மீட்டரை 200 ஓமில் வையுங்கள். முதலில் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள், 0.2, 0.3 என்று ஏதோ ஒன்று காட்டும். அது மீட்டர் ஒயரின் ஓம். இதைக் குறித்துக்கொண்டு, பிற்பாடு வரும் எண்களில் கழித்துவிடுங்கள். கிரவுண்டுக்கு, போர்டில் ஸ்க்ரூ மாட்டும் துளையைச் சுற்றியுள்ள வெள்ளி வளையத்தைத் தொட்டால் போதும். 8 பின் சாக்கெட்டில் கிளிப் மாட்டும் பக்கத்து வரிசை 12 வோல்ட், மற்ற வரிசை கிரவுண்ட்.

பிராசஸர் இருக்கும்போதே சோக்கின் காலுக்கும் கிரவுண்டுக்கும் அளந்தால் சில ஓம், சில சமயம் ஒரு ஓமுக்கும் குறைவாக வரும். பீப் மோடில் வைத்தால் மீட்டர் கத்தும். இதைப் பார்த்துத்தான் "ஷார்ட், பிராசஸர் போச்சு" என்று நிறையப் பேர் தீர்ப்பு எழுதுகிறார்கள். தவறு. நல்ல பிராசஸரின் உள் ஓமே அவ்வளவு குறைவுதான். 1 வோல்ட்டில் நூறு ஆம்பியர் வரை இழுக்கும் பொருள் வேறெப்படி இருக்கும்?

இனி பிராசஸரைக் கழற்றுங்கள். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டாக இருந்தால் கூலரை நேராக மேலே இழுக்காதீர்கள், பேஸ்ட் ஒட்டிக்கொண்டு பிராசஸரையும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், பின் வளையும். இரண்டு பக்கமும் மெல்லத் திருகி, பிடி விட்டபிறகு தூக்குங்கள். பிராசஸர் இல்லாத போர்டில் மூன்று அளவுகள்.

முதலில் 12 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும். கெப்பாசிட்டர் நிரம்ப நிரம்ப எண் ஏறிக்கொண்டே போய் மீட்டரின் எல்லையைத் தாண்டினால் நலம். பூஜ்யத்தை ஒட்டி நின்றால் ஷார்ட்.

அடுத்து சோக்குக்கும் கிரவுண்டுக்கும். பிராசஸர் இருந்தபோது வந்ததைவிடத் தெளிவாக ஏற வேண்டும். பிராசஸர் போன பிறகும் பூஜ்யத்திலேயே நின்றால் கீழ் மாஸ்ஃபெட்டோ ஒரு கெப்பாசிட்டரோ ஷார்ட். ஒரு பிராசஸர் லைனின் சோக்குகள் எல்லாம் வெளிப்பக்கம் ஒன்றாகச் சேர்வதால், எந்த ஃபேஸ் கெட்டாலும் எல்லாச் சோக்கிலும் அதே எண்தான் வரும்.

மூன்றாவதுதான் உயிர்நாடி: 12 வோல்ட் பின்னுக்கும் சோக்குக்கும். இது பூஜ்யத்தை ஒட்டி வந்தால் மேல் மாஸ்ஃபெட் ஷார்ட். பட்டனை அழுத்திய ஒவ்வொரு தடவையும் பிராசஸர் 12 வோல்ட்டைப் பார்த்திருக்கிறது. அது பிழைத்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு, அந்த போர்டில் வேறு எந்த பிராசஸரையும் வைக்கக் கூடாது.

ஒரு டிடிபி கடைக் கம்ப்யூட்டரில் இதை அப்படியே பார்த்திருக்கிறேன். பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ் ஒன்று புகைந்து, புதிது மாட்டியும் ஒரு கணத்தில் அணைந்துகொண்டே இருந்தது. வேறொரு இடத்தில் பிராசஸர் போய்விட்டது என்று மட்டும் சொல்லி, பழைய பிராசஸர் ஒன்றுக்கு விலையும் பேசி அனுப்பியிருந்தார்கள். மீட்டர் ஒயரே 0.3 காட்டிய நிலையில், 12 வோல்ட் பின்னிலிருந்து சோக்குக்கு 0.4. ஹீட்சிங்கைத் தூக்கியதும் தெர்மல் பேடில் ஒரு பழுப்பு வட்டம், அதற்கு நேர் கீழே மாஸ்ஃபெட்டின் முதுகில் ஓட்டை. அவர்கள் சொன்னது உண்மைதான், பிராசஸர் செத்திருந்தது. ஆனால் பேசி வைத்திருந்த அந்த பிராசஸரை அதே போர்டில் மாட்டியிருந்தால், கடைக்காரர் இரண்டாவது தடவையும் பணத்தை இழந்திருப்பார்.

வேறு பிராசஸர் போட்டுப் பார்ப்பதுதானே நேர்வழி?

நேர்வழிதான், ஆனால் திசை முக்கியம். சந்தேகப்படும் பிராசஸரை, நன்றாக ஓடும் போர்டுக்குக் கொண்டுபோங்கள். நல்ல பிராசஸரை, சந்தேகப்படும் போர்டுக்குக் கொண்டுவராதீர்கள். செத்த பிராசஸர் ஒரு நல்ல போர்டைக் கெடுப்பது அரிது, விஆர்எம் ஷார்ட்டை உணர்ந்து நின்றுவிடும். கெட்ட போர்டோ நல்ல பிராசஸரைக் கண்ணிமைக்கும் நேரத்தில் கொன்றுவிடும்.

நல்ல போர்டு, அந்த பிராசஸரை ஏற்கும் சிப்செட்டும் பயாஸ் பதிப்பும் உள்ளதாக இருக்க வேண்டும். சாக்கெட் பொருந்தினால் போதாது. இன்டெலின் எல்ஜிஏ1151 ஒரே பெயரில் இருந்தாலும் 6, 7-ஆம் தலைமுறைக்கான போர்டுகளில் 8, 9-ஆம் தலைமுறை பிராசஸர் எழாது. பொருந்தாத போர்டில் வைத்துவிட்டு, நல்ல பிராசஸரைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு.

சரியான போர்டில், ஓடிக்கொண்டிருந்த ராமோடு வைத்தும் எழவில்லை என்றால்தான் பிராசஸர் செத்தது என்று சொல்லலாம். வேறு எந்தச் சோதனையும் இதற்கு ஈடாகாது.

பிராசஸரைப் பார்த்தே சொல்ல முடியுமா?

சில சமயம். அடிப்பக்கத்தில் பின்களோ தங்கப் புள்ளிகளோ ஒரு இடத்தில் மட்டும் கறுத்திருந்தால், பச்சைப் பலகை உப்பியிருந்தால், சாக்கெட்டில் அதே இடம் உருகியிருந்தால், சந்தேகமே வேண்டாம். 12 வோல்ட் பாய்ந்து செத்தவை பல வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் பளபளவென்றே இருக்கும்.

கையால் தொட்டுப் பார்ப்பதும் உதவும். ஆன் செய்து அரை நிமிடத்தில் கூலரின் அடிப்பகுதி லேசாக வெதுவெதுப்பானால் பிராசஸருக்குக் கரண்ட் வருகிறது. பல நிமிடம் ஆகியும் ஜில்லென்றே இருந்தால் பெரும்பாலும் விஆர்எம் ஓடவில்லை. கூலர் இல்லாமல் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

பயாஸ் கெட்டுப்போயிருக்குமா?

இருக்கலாம். முதலில் சிஆர்2032 பட்டன் பேட்டரியை எடுத்து, சிமாஸ் கிளியர் ஜம்பரை (போர்டில் அமைப்புகளை அழிக்க வைத்திருக்கும் பின்கள்) சேர்த்துப் பழைய அமைப்புகளை அழியுங்கள். பின்பக்கத்தில் பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டு என்றால் பிராசஸரும் ராமும் இல்லாமலே பென் டிரைவிலிருந்து பயாஸை ஏற்றலாம். அதுவும் முடியாத போர்டில், எட்டு கால் பயாஸ் சிப்பைக் கருவி வைத்து எழுதத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். பிராசஸர் வாங்கும் செலவில் சிறு பங்குதான் ஆகும்.

கம்ப்யூட்டர் எழுகிறது, ஆனால் அடிக்கடி நீலத்திரை வந்து நிற்கிறது. பிராசஸர் பாதி செத்திருக்கிறதா?

அப்படியும் நடக்கும், ஆனால் அரிது. விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்து பாருங்கள். 'கெர்னல்-பவர் 41' என்பது கம்ப்யூட்டர் முறையாக அணையவில்லை என்று மட்டும் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. 'டபிள்யூஎச்இஏ லாகர்' என்ற பெயரில் பதிவுகள் இருந்தால் வன்பொருள் தானே பிழையைப் புகார் செய்திருக்கிறது. அதில் ஒரே கோர் எண் திரும்பத் திரும்ப வந்தால் பிராசஸர் மேல் சந்தேகம் வலுக்கும். லினக்ஸில் கெர்னல் பதிவுகளில் 'மெஷின் செக்' என்று தேடுங்கள்.

முதலில் மெம்டெஸ்ட்86 கொண்டு ராமைச் சோதித்து, அது தேறியபின் பிரைம்95 அல்லது ஓசிசிடி ஓட்டுங்கள். சுமை ஏறும்போது 12 வோல்ட் 11.4-க்குக் கீழே இறங்குகிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். திரையில் சாஃப்ட்வேர் காட்டும் வோல்டேஜ் பல போர்டுகளில் தவறாக இருக்கும், அதை வைத்து எஸ்எம்பிஎஸ்ஸைத் தூக்கிப்போட வேண்டாம்.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை மேசை பிராசஸர் வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த வரிசைகளின் பல சிப்புகள் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கி, நாளாக நாளாகத் தளர்ந்துபோகின்றன என்று 2024 ஜூலையில் இன்டெல்லே ஒப்புக்கொண்டது. திருத்திய மைக்ரோகோடு (பிராசஸரின் உள் கட்டளைகள்) ஆகஸ்டிலிருந்து பயாஸ் அப்டேட்டுகள் வழியாக வந்தது, பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரண்டியும் இரண்டு ஆண்டு நீட்டப்பட்டது. உங்கள் எஸ்எம்பிஎஸ் மேல் எந்தத் தவறும் இல்லாமலே இந்த நீலத்திரை வரலாம். தளர்ந்துவிட்ட சிப்பை அப்டேட் மீட்காது, மாற்றத்தான் கேட்க வேண்டும்.

செத்த பிராசஸரை ரிப்பேர் செய்ய முடியுமா?

முடியாது. பின் வளைந்திருந்தால் நிமிர்த்தலாம், அவ்வளவுதான். போர்டை முடியும். விஆர்எம் மாஸ்ஃபெட் மாற்றுவது ஹாட் ஏர் வைத்திருக்கும் சிப் லெவல் சர்வீஸ்காரருக்குப் பழகிய வேலை. மாற்றித் தந்தபின், பிராசஸர் மாட்டும் முன் மேலே சொன்ன மூன்று அளவையும் உங்கள் முன்னால் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். நல்ல சர்வீஸ்காரர் இதைக் கேட்டால் கோபப்பட மாட்டார்.

வாரண்டி கிடைக்குமா?

பெட்டியோடு வாங்கிய இன்டெல், ஏஎம்டி பிராசஸர்களுக்குப் பொதுவாக மூன்று ஆண்டு வாரண்டி. வெளியிலிருந்து வந்த மின்சாரத்தால் ஆன சேதம் அதில் சேராது. கருகல் கண்ணுக்குத் தெரிந்தால் மறுத்துவிடுவார்கள். எது நடந்ததோ அதை மறைக்காமல் சொல்லிக் கேளுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸும் வாரண்டியில் இருந்தால் அந்தக் கம்பெனியிடமும் கேட்டுப் பாருங்கள். செத்த எஸ்எம்பிஎஸ்ஸைத் தூக்கி எறிந்துவிட்டால் அதற்கும் வழியில்லை.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள்களே நன்றாகத்தானே இருக்கின்றன, புதியதில் மாட்டலாமா?

கூடாது. கழற்றி மாட்டும் வகை எஸ்எம்பிஎஸ்களில், போர்டு பக்க முனைதான் எல்லாக் கம்பெனிக்கும் ஒன்று. எஸ்எம்பிஎஸ் பக்க முனையில் எந்த பின்னில் எந்த வோல்டேஜ் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒரே கம்பெனியின் மாடலுக்கு மாடல்கூட மாறும். அழகாக உள்ளே போகும், 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வரும். ஒரு பிராசஸரைக் காப்பாற்றிவிட்டு, அதே மாலை எஸ்எஸ்டியையும் அதில் இருந்த குடும்பப் படங்களையும் இழப்பது இப்படித்தான். புது எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்த கேபிளை மட்டும் மாட்டுங்கள்.

இனி எந்த மாதிரி எஸ்எம்பிஎஸ் வாங்கலாம்?

பெட்டியின் மேல் பெரிதாகப் போட்டிருக்கும் வாட் எண்ணைப் பார்க்காதீர்கள். பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் லைனுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 450 வாட் என்று போட்டுவிட்டு, 12 வோல்ட்டுக்கு எதிரே 14 ஆம்பியர் இருந்தால், பிராசஸருக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் சேர்த்து அதில் கிடைப்பது 168 வாட்தான். ஓவர் வோல்டேஜ், ஓவர் கரண்ட், ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்புகள் இருப்பதாக எழுதியிருக்க வேண்டும். 80 பிளஸ் முத்திரை மின்சாரச் சிக்கனத்தைப் பற்றியது, பாதுகாப்பைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

வீட்டு இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டர் ஓடுகிறது என்றால் அதை யூபிஎஸ் மோடில் வையுங்கள். கரண்ட் போனபின் முறையான எஸ்எம்பிஎஸ் சுமார் 16 மில்லிநொடி தாக்குப்பிடிக்கும். சாதாரண மோடில் இன்வெர்ட்டர் மாறுவதற்கு அதைவிட நேரம் ஆகலாம்.

கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறதா? பிளக்கில் எர்த் இல்லை என்று பொருள். எஸ்எம்பிஎஸ் வடிகட்டியில் உள்ள கெப்பாசிட்டர்கள் வழியாகக் கசிவது போக இடமில்லாமல் கேபினட்டில் நிற்கிறது. புது எஸ்எம்பிஎஸ் மாட்டுவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனை வைத்து அந்த எர்த்தைச் சரிசெய்துவிடுங்கள்.